இடித்துரையும் பழியும்: அணித்தலைமை மீதான ஊடக விமர்சனத்துக்கு ரசிகர் ஆற்றும் எதிர்வினை – சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டு அணி ஒன்றின் தலைமையை ஊடகங்கள் குறைகூறும்போது அவ்வணியின் ரசிகர்கள் சினம் கொள்வது உலகெங்கும் காணப்படும் வழக்கம். இதனைக் ‘கண்மூடித்தனமான பற்று’ என ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் போக்கும் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2013 முதல் 2025 வரை எதிர்கொண்ட விமர்சனங்களையும் அவற்றுக்கு எழுந்த ரசிகர் எதிர்வினைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ரசிகர்கள் விமர்சனத்தையே மறுப்பதில்லை. விமர்சிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதையே வினவுகின்றனர் என்பது இதன் முதன்மைக் கருத்து. தமிழ் மரபு கூறும் இடித்துரைக்கு அணுக்கம், கசப்பைச் சொல்லும் துணிவு என இரு கூறுகள் உள்ளன. ரசிகர் பண்பாடு முதற்கூறை ஏற்று இரண்டாவதைக் கைவிடும்போது தலைமையைப் பொறுப்புக் கேட்பார் இல்லாமற் போகின்றனர் என்பதைக் கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ரசிகர் பண்பாடு, ஊடக விமர்சனம், இடித்துரை, வாயுறை வாழ்த்து, அணித்தலைமை, ஐ.பி.எல்., திருத்தணி.

முன்னுரை

ரசிகர் பண்பாடு பற்றிய ஆய்வுகள் பெரிதும் ஐரோப்பியக் கால்பந்தை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை. தமிழகத்தில் அந்த அளவு உணர்ச்சிப் பெருக்குடன் பின்தொடரப்படும் குழு விளையாட்டு கிரிக்கெட். சென்னைக்கும் 2014ஆம் ஆண்டு முதல் சென்னையின் எஃப்.சி. என்னும் கால்பந்து அணி உண்டு. அது 2015இலும் 2017–18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றது. எனினும், தலைமை மீதான ஊடக விமர்சனம் மாநிலம் முழுவதும் பேசுபொருளாகி, ரசிகர்களை எதிர்வினையாற்றத் தூண்டிய தெளிவான சான்றைச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியிடமே காணமுடிகிறது. எனவே, கால்பந்து ஆய்வுகள் தரும் கருத்தாக்கங்களைத் துணைக்கொண்டு அவ்வணியின் வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது.

ஆய்வுக்கான பார்வைக் களமாகத் திருத்தணி கொள்ளப்படுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த இம்மலைக்கோயில் நகரம், அணியின் பெயரைத் தாங்கிய மாநகருக்கு வெளியே இருப்பது. சேப்பாக்கம் அரங்கத்தை விட்டு விலகியிருக்கும் ஊர்களில் ரசிகத்தன்மை எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிந்திக்க இத்தகைய நகரம் உதவுகிறது.

1. கோட்பாட்டுப் பின்னணி

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோர் முன் இரு வழிகள் உள்ளன என்றார். ஒன்று வெளியேறுதல், மற்றொன்று குரல் எழுப்புதல். பற்று என்பது வெளியேறுதலைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு வாய்ப்பளிப்பது. கடையை மாற்றுவதுபோல் அணியை மாற்றிக்கொள்ள ரசிகர் விரும்புவதில்லை. எனவே, அவரிடம் எஞ்சுவது குரல் ஒன்றே. அக்குரல் யாரை நோக்கி எழுகிறது என்பதே வினா.

மேத்யூ ஹார்ன்சி முதலிய சமூக உளவியலாளர்கள் 2002ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வினாவுக்கு ஒரு விடை தருகின்றன. ஒரே விமர்சனத்தைத் தம் குழுவைச் சேர்ந்தவர் சொன்னால் மக்கள் ஓரளவு பொறுத்துக்கொள்கின்றனர். வெளிக்குழுவினர் சொன்னால் சீறுகின்றனர். சொல்லப்பட்ட பொருளைவிடச் சொன்னவரின் இடமும் நோக்கமுமே எடைபோடப்படுகின்றன.

தமிழ் மரபு இதனை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் ‘வாயுறை வாழ்த்து’, தொடக்கத்தில் வேம்புபோல் கசந்து பின்னர் நன்மை பயக்கும் சொல்லைக் குறிக்கிறது. ‘செவியறிவுறூஉ’ என்பதும் தலைவனை நல்வழிப்படுத்தும் உரையே. புறநானூற்றில் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் முறையை யானையும் வயலும் கொண்டு உணர்த்தினார். கோவூர்கிழார், தம்முள் பொருத சோழர் இருவரிடமும் யார் தோற்றாலும் தோற்பது அவர்தம் குடியே என நேர்நின்று கூறினார். திருக்குறளின் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரமோ, இடித்துரைக்கும் துணையில்லாத மன்னன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் என எச்சரிக்கிறது.

இம்மரபில் இடித்துரைப்போர்க்கு இரு தகுதிகள் வேண்டும். முதலாவது, தலைவனின் நன்மையை நாடும் அணுக்கம். இரண்டாவது, அவன் செவிக்குக் கசப்பதைச் சொல்லும் துணிவு. அணுக்கமின்றிச் சொல்வது பழியாகிவிடலாம். துணிவின்றி அணுக்கம் மட்டும் கொள்வது முகமனாகிவிடும். இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

2. கால்பந்து உலகின் இரு சான்றுகள்

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் – நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆட்டத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் சிக்கியோருள் 97 பேர் உயிரிழந்தனர். நான்கு நாள்களில் ‘தி சன்’ நாளிதழ் லிவர்பூல் ரசிகர்கள் மீதே பழி சுமத்தியது. அந்நகர மக்கள் அவ்விதழைப் புறக்கணிக்கத் தொடங்கினர். 2016இல் நடுவர் குழு, இறந்தோர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும் ரசிகர்களின் நடத்தை அவ்விபத்துக்குக் காரணமன்று என்றும் முடிவு கூறியது. இங்கு விமர்சிக்கப்பட்டது தலைமையன்று, ரசிகர் கூட்டம். எனினும், ஊடகத்தை எதிர்த்தல் என்பதே அறியாமை ஆகிவிடாது என்பதற்கு இது வலுவான சான்று. அவ்வெதிர்ப்பு உண்மையின் மீது நின்றது.

இரண்டாவது சான்று மான்செஸ்டர் யுனைடெட். 2005இல் கிளேசர் குடும்பம் அவ்வணியை வாங்கியபோது, வாங்கிய கடனின் சுமை அணியின் மீதே ஏற்றப்பட்டது. ரசிகர்களுள் ஒரு பிரிவினர் அதே ஆண்டில் தமக்கென எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்னும் தனி அணியைத் தொடங்கினர். எஞ்சியோரில் பலர் 2010இல் அணியின் பழைய வடிவமான நியூட்டன் ஹீத்தின் பச்சை, பொன்னிறத் துண்டுகளை அணிந்து அரங்குக்கு வந்தனர். உரிமையாளர் மீதான ஊடக விமர்சனத்தை இவர்கள் தமதாக்கிக்கொண்டனர். அணியின் மீதான பற்றையும் கைவிடவில்லை. ஹிர்ஷ்மன் சொன்ன வெளியேற்றம், குரல் ஆகிய இரு வழிகளும் இங்கு ஒருசேர வெளிப்பட்டன.

ஊடகம் பொய் சொன்னபோது மறுத்தலும், மெய் சொன்னபோது ஏற்றுத் தலைமையை வினவுதலும் ரசிகர்க்கு இயலும் என்பதை இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன. சென்னை அணியின் ரசிகர்கள் எவ்வழியை மேற்கொண்டனர் என்பதை இனிக் காணலாம்.

3. 2013–2015: தலைமை மீதான குற்றச்சாட்டு

2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தின் துணைத் தலைவரும் நிர்வாக இயக்குநருமாக இருந்த என். சீனிவாசன், இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொருளாளராகவும் பின்னர்ச் செயலாளராகவும் இருந்து, 2011இல் தலைவரானார். வாரிய நிர்வாகிகள் ஐ.பி.எல். அணிகளில் வணிக நலன் கொண்டிருக்க இடமளிக்கும் வகையில் 2008 செப்டம்பரில் விதி 6.2.4 திருத்தப்பட்டது. விளையாட்டை ஆளும் அமைப்பின் பொறுப்பும் அதில் ஆடும் அணியின் உடைமையும் ஒருவர் கையில் சேர்ந்தன.

2013 மே 16 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவர் கைதான பின்னர், மே 24 அன்று சீனிவாசனின் மருமகனும் சென்னை அணியின் முகமாக அறியப்பட்டவருமான குருநாத் மெய்யப்பன் மும்பைக் காவல்துறையால் பந்தயம் தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். இரண்டு நாள்களுக்குப் பின் கொல்கத்தாவில் நடந்த இறுதிப்போட்டியில் சென்னை அணி மும்பையிடம் 23 ஓட்டங்களில் தோற்றது. குருநாத் அணியின் உரிமையாளரோ தலைமைச் செயல் அலுவலரோ அல்லர் என இந்தியா சிமெண்ட்ஸ் விளக்கம் அளித்தது. மே 28 அன்று இந்திய அணி இங்கிலாந்து புறப்படும் முன் நடந்த செய்தியாளர் சந்திப்பில், இது குறித்த வினாக்களுக்கு மகேந்திர சிங் தோனி விடை கூறவில்லை. அந்த மௌனத்தைத் தேசிய ஊடகங்கள் கடுமையாகச் சாடின.

உச்சநீதிமன்றம் அமைத்த முத்கல் குழு 2014 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, குருநாத் அணியின் அலுவலராகச் செயல்பட்டார் என்றும் பந்தயத்தில் ஈடுபட்டார் என்றும் கண்டது. 2015 ஜனவரி 22 அன்று உச்சநீதிமன்றம் விதி 6.2.4இன் திருத்தத்தைச் செல்லாது என அறிவித்தது. சீனிவாசன் குற்றத்தை மறைக்க முயன்றார் என்னும் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறிய நீதிமன்றம், நலன் முரண்பாட்டை ஏற்க மறுத்தது. அவ்வாண்டு ஜூலை 14 அன்று லோதா குழு, சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர் நிறுவனங்களை இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது.

4. ரசிகர் எதிர்வினையின் மூன்று வாதங்கள்

அக்காலகட்டத்தில் சென்னை அணியின் ரசிகர்களிடையே பரவலாக ஒலித்த வாதங்களை மூன்றாக வகைப்படுத்தலாம்.

அ) பிரித்துக்காட்டும் வாதம்: குற்றம் செய்தவர் உரிமையாளரின் உறவினர், அணி வேறு, அவர் வேறு என்பது இதன் சாரம். ‘தலைமை’ என்னும் ஒற்றைச் சொல் உரிமையாளர், நிர்வாகம், அணித்தலைவர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஊடகம் மூன்றையும் ஒன்றாகக் கண்டது. ரசிகர் அணித்தலைவரை மட்டும் தம் தலைமையாகக் கொண்டார்.

ஆ) நோக்கத்தை ஐயுறும் வாதம்: தில்லி, மும்பை ஊடகங்களுக்குச் சென்னையின் வெற்றி பொறுக்கவில்லை என்பது இது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற அணியை வீழ்த்தும் சூழ்ச்சியாகவே விமர்சனம் புரிந்துகொள்ளப்பட்டது. செய்தியின் மெய்ம்மை பின்னுக்குச் சென்றது. செய்தியாளரின் ஊர் முன்னுக்கு வந்தது.

இ) ஒப்பிடும் வாதம்: மற்ற அணிகள் தூய்மையானவையா என்னும் எதிர்வினா இது. ராஜஸ்தான் அணியின் வீரர்களே கைதாகியிருந்தமை இதற்கு வலுச்சேர்த்தது.

இவ்வாதங்களில் முதலாவதை முற்றாகப் பிழை எனத் தள்ளிவிட இயலாது. லோதா குழுவின் இடைநீக்கமும் உரிமையாளர் நிறுவனங்கள் மீதானதே. களத்தில் ஆடிய சென்னை வீரர்கள் மீதானதன்று. ஆயினும், மான்செஸ்டர் ரசிகர்கள் உரிமையாளரைத் தனியே பிரித்தது அவரை வினவுவதற்காக. சென்னையில் அதே பிரிப்பு அவரை மறந்துவிடுவதற்கு வழியாயிற்று. உரிமையாளர் வேறு என்று சொன்ன குரல், அவ்வுரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்னும் அடுத்த படிக்குப் பெரிதும் செல்லவில்லை. விதி 6.2.4 ரசிகர் உரையாடலில் ஒருபோதும் மையப்பொருள் ஆகவில்லை.

5. திருத்தணியிலிருந்து நோக்குதல்

ஊடகத்தின் மீது இத்துணைச் சினம் எழுவதில் ஒரு முரண் உள்ளது. அதனை அரங்கத்திலிருந்து விலகியுள்ள ஊர் ஒன்றிலிருந்து நோக்கும்போது தெளிவாக உணரலாம்.

சென்னையின் பெயரோடு உறவு கொள்வது திருத்தணிக்கு இயல்பாக வாய்த்த ஒன்றன்று. வரலாற்றில் போராடிப் பெற்றது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழும் தெலுங்கும் அன்றாடம் கலந்து ஒலிக்கும் இத்தகைய எல்லையூரில் சென்னை அணியையோ ஐதராபாத் அணியையோ பின்தொடர்வது பிறப்பிடம் தானே தந்துவிடும் முடிவன்று. அது ஒரு தேர்வு. 2013இல் ஆடத் தொடங்கிய சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணியின் உடைமை சென்னையைச் சேர்ந்த சன் குழுமத்திடம் உள்ளது என்பதையும் கருதவேண்டும். உடைமையாளரின் ஊர் எதுவாயினும், ரசிகர் பற்றுவது பெயரையும் நிறத்தையும் ஆட்டக்காரரையுமே.

இவை மூன்றும் இவ்வூர் ரசிகரை வந்தடையும் வழி எது? புறநகர் மின்தொடரில் சென்னை சென்று சேப்பாக்கத்தில் ஆட்டம் காண்பது சிலர்க்குச் சில நாள்களில் மட்டுமே இயலும். ஏனைய நாள்களில் தொலைக்காட்சியும் நாளிதழும் கைப்பேசியுமே அணியைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அணித்தலைவரின் நிதானத்தை அவர் அறிந்தது ஒளிபரப்பின் வழியாகத்தான்; அவரைப் போற்றக் கற்றதும் வருணனையாளரின் சொற்கள் வழியாகத்தான். அன்பை வளர்த்த அதே ஊடகம் குறைகூறும்போது, அது அயலாரின் பழியாக மட்டுமன்றி நம்பியவரின் இரண்டகமாகவும் உணரப்படுகிறது. ‘வெளிக்குழு’ என ஊடகத்தை ரசிகர் ஒதுக்குவது பிற்பாடு நிகழும் செயல். அதற்கு முன் ஊடகம் அவரது உட்குழுவாகவே இருந்திருக்கிறது.

6. 2018: மீள்வருகை

இரண்டு ஆண்டுத் தடைக்காலத்தில் தோனி புனே அணிக்கு ஆடினார். 2017இல் அவ்வணியின் தலைமைப் பொறுப்பு அவரிடமிருந்து ஸ்டீவ் ஸ்மித்திடம் சென்றது. 2018இல் சென்னை அணி அவர் தலைமையிலேயே மீண்டது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம் நடந்தபோது காவிரி மேலாண்மை வாரியம் கோரிய போராட்டம் மாநிலமெங்கும் தீவிரமாக இருந்தது. அரங்கினுள் காலணி வீசப்பட்டது. எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன.

இந்நிகழ்வு மேற்கூறிய இரண்டாம் வாதத்தைச் சோதித்தது. இம்முறை குறைகூறியோர் வடபுல ஊடகத்தார் அல்லர், தமிழர்களே. உழவர் வாடும்போது கேளிக்கையா என்னும் அவர்களது வினா, உட்குழுவிலிருந்து எழுந்த இடித்துரை. ரசிகர் கூட்டம் அதற்கு நேர்விடை கூறவில்லை. பயணத்தால் விடை கூறியது. ஏப்ரல் 19 அன்று அணி நிர்வாகத்தின் ஏற்பாட்டில் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்னும் தனி ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள் சென்னையிலிருந்து புனே சென்றனர். சென்னை – புனே ரயில்கள் வழக்கமாகச் செல்லும் இருப்புப்பாதை அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா வழியே எல்லை கடப்பது. மே 27 அன்று மும்பையில் ஐதராபாத்தை வென்று அணி மூன்றாம் பட்டம் பெற்றது.

அப்பயணம் ரசிகப் பற்றின் உச்சமாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவ்வுணர்வின் மெய்ம்மையை ஐயுற வேண்டியதில்லை. எனினும், அதன் செலவையும் ஏற்பாட்டையும் ஏற்றது விமர்சனத்துக்கு உள்ளான நிர்வாகமே என்பது ஆய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி. மான்செஸ்டரில் ரசிகர் அமைப்பு நிர்வாகத்துக்கு வெளியே நின்றது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ‘மஞ்ஞப்படை’ ரசிகர் அமைப்பும் 2024–25 பருவத்தில் நிர்வாகத்துக்கு எதிராக வெளிப்படையாகப் போராடியது. விருந்தோம்பலைப் பெற்ற குரல் அத்துணை எளிதாகக் கசப்பைச் சொல்வதில்லை.

7. 2025: விமர்சனம் உள்ளிருந்து எழுந்தபோது

2025 பருவத்தில் சென்னை அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. மார்ச் 28 அன்று பெங்களூரு அணி, 2008க்குப் பின் முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் சென்னையை வென்றது. அவ்வாட்டத்தில் தோனி ஒன்பதாமவராகக் களமிறங்கியது பெரும் விவாதமாயிற்று. குறைகூறியோருள் சென்னை ரசிகர்களே பலர் இருந்தனர். இதுவரை காக்கப்பட்டுவந்த அணித்தலைவர் என்னும் இடமே இப்போது வினாவுக்கு உள்ளானது. ரசிகர்க்கு விமர்சனமே ஒவ்வாது என்னும் கருத்தை இது மறுக்கிறது. தம்முடையவர் என்னும் உரிமையில் அவர்கள் கடுமையாகவே பேசினர்.

அதே பருவத்தின் மற்றொரு நிகழ்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அப்போது சென்னை அணியில் ஆடிய ரவிச்சந்திரன் அஸ்வினின் யூடியூப் அலைவரிசையில், உரையாட வந்த ஒருவர் அணித்தேர்வைக் குறைகூறினார். அது சர்ச்சையானதும், அப்பருவத்தின் எஞ்சிய சென்னை ஆட்டங்களைப் பற்றிய உரையாடலைத் தவிர்ப்பதாக அவ்வலைவரிசை அறிவித்தது. தமிழில், ஆட்ட நுட்பம் அறிந்தோர், அணியின் நலம் நாடிப் பேசும் களம் அது. வாயுறை வாழ்த்துக்கு வேண்டிய இரு தகுதிகளும் ஒருங்கே அமையத்தக்க இடம் மௌனமாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ரசிகரின் சினம் விமர்சனத்தின் மீதன்று. விமர்சிப்பவரின் அணுக்கமின்மை மீது. இரண்டு, தலைமையை உரிமையாளர், நிர்வாகம், அணித்தலைவர் எனப் பகுத்துக் காண்பது ரசிகரின் அறிவார்ந்த செயலே. ஆனால், பகுத்தபின் ஒவ்வொருவரையும் வினவாமல் விடும்போது அது தப்பிக்கும் வழியாகிறது. மூன்று, 2013இல் நலன் முரண்பாட்டை வெளிக்கொணர ஊடகமும் நீதிமன்றமும் தேவைப்பட்டமைக்கு, அணுக்கத்தில் இருந்தோர் இடித்துரைக்காமையும் ஒரு காரணம்.

செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பை அரசனின் மாட்சியாகத் திருக்குறள் கொண்டது. அச்சொல்லைப் பொறுப்பது தலைவன் கடமை எனில், அதனைச் சொல்வது அவனை நேசிப்போர் கடமை. ‘வெளியார் பேச என்ன உரிமை?’ எனக் கேட்கும் ரசிகர் கூட்டம், உள்ளிருப்போர் பேசவேண்டிய நேரத்தில் தான் பேசியதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உரிமையாளரிடமிருந்து பொருளுதவி பெறாத ரசிகர் அமைப்புகள் தமிழகத்தில் உருவாகுமா, உருவாயின் அவற்றின் குரல் எவ்வாறு அமையும் என்பன மேலாய்வுக்கு உரியன.